பழங்கணினியைப் புதுக்குமுன்

நம் மாணவர் பலருடைய வீட்டில் ஒரு பழைய கணினி உண்டு. தந்தையார் உத்தியோகத்திலிருந்த காலத்தில் தவணை முறையில் வாங்கியதாகவோ, வெளிநாடு சென்ற தமையனார் விட்டுப்போனதாகவோ அது இருக்கும். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை முற்றாக விழித்திராது. ‘இதனை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டாற் சரியாகிவிடும்’ என்று எவரேனும் ஒருவர் சொல்வர். சொல்வது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் எதனை அழிக்கின்றோம் என்பதை அறிந்து அழிப்பார் மிகச் சிலர். ஆதலின் புதுக்குதற்குமுன் செய்யவேண்டியவற்றையே இக்கட்டுரையில் ஆராயப் புகுந்தோம். நிறுவும் முறையினை அன்று. நிறுவுதலை இக்காலத்துக் கணினி தானே படிப்படியாகக் கேட்டுச் செய்துகொள்ளும். முன்னேற்பாட்டை அது செய்யாது.

க.பொ.த. சாதாரண தரப் பாடநூல் பணிசெயல் முறைமை எனக் கூறுவதனையே தமிழ்நாட்டார் இயங்குதளம் என்பர். விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. கணினியின் உறுப்புக்களுக்கும் நாம் கையாளும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று யாவற்றையும் நடத்துவது அதுவே. அதனைத் தூய்மையாக மீள நிறுவுதலென்பது, வன்தட்டினை வெறுமையாக்கி, அதன்மீது புதியதொன்றை எழுதுதலாகும். பழையதன்மேற் புதியது எழுதப்பட்ட இடத்தில் இருந்தது திரும்ப வாராது.

இவ்வேலை இப்பொழுது பல வீடுகளில் எழுந்துள்ளமைக்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு முடிவுற்றது. அதற்கு முன்னரே எக்ஸ்பீ 2014இலும், விண்டோஸ் 7 2020இலும் ஓய்வுபெற்றன. விண்டோஸ் 11ஓ, 4 கிகாபைற்று நினைவகமும் 64 கிகாபைற்றுச் சேமிப்பிடமும் மட்டுமன்றி, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பினையும் வேண்டுகின்றது. 2012இல் வாங்கிய பெட்டியில் இவ்வுறுப்பினை எதிர்பார்த்தல் வீண். அத்தகைய கணினிக்கு ஏற்றது லினக்ஸ் என்பதே நம் கருத்து. ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்த அது, இலவசமாகப் பல தொகுப்புக்களாய்க் கிடைக்கின்றது. நாம் நாள்தோறும் நிமிர்ந்து நோக்கும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய லினக்ஸ் தொகுப்பொன்றும், ஃபெடோராவை அடியாகக் கொண்டு, நம் நாட்டவரால் வெளியிடப்பட்டது என்பதைக் கண்டியில் வாழும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. மிகப் பழைய 32 பிட் கணினியை உடையோர் ஒன்றைக் கவனிக்க: தொகுப்புக்கள் பல அவ்வகையைக் கைவிட்டுவிட்டன. 2025இல் வந்த டெபியன் 13உம் அதற்கு நிறுவி வழங்கவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். முதற்கண் கணினியில் என்ன இருக்கின்றது என்று ஒரு கொப்பியில் எழுதுக. திரையை நோக்கி நினைவுக்கு வருவதை எழுதினாற் போதாது. வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டெழுதுதல் வேண்டும். அம்மா தம் புகைப்படங்களை முகப்புத்திரையிலேயே வைத்திருப்பார். தங்கை தன் பரீட்சைக் குறிப்புக்களைப் ‘பதிவிறக்கங்கள்’ என்னும் கோப்புறையில் விட்டிருப்பாள். இணைய உலாவியிற் சேமித்த கடவுச்சொற்களையும், கணினியிலேயே தங்கியிருக்கும் பழைய மின்னஞ்சல்களையும் எவரும் கோப்பென்று எண்ணுவதில்லை, அவையும் அழியும்.

‘எல்லாம் டீ தட்டிலே இருக்கிறது, சீ தட்டைத்தானே அழிக்கிறோம்’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். சீயும் டீயும் பெரும்பாலும் இரண்டு தட்டுக்கள் அல்ல. ஒரே வன்தட்டின் இரு பிரிவுகள். ஒரு வயலை வரம்பிட்டுப் பிரித்தது போன்றதே அது. நிறுவும்போது பிழையான பிரிவினைத் தெரிந்துவிட்டாலும், தட்டே பழுதடைந்தாலும், வரம்புக்கு இருபுறமும் ஒருசேரப் போகும்.

கோப்புக்களைப் பிரதிசெய்யுமாறு எல்லா நாட்டாரும் கூறுவர். தமிழ் வீட்டுக்கென்று தனியே கூறவேண்டியது ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் உயிர்.

இலங்கைத் தமிழர் வீடுகளிலும் அச்சகங்களிலும் பல்லாண்டுகள் கோலோச்சிய எழுத்துரு பாமினி. கணினி தமிழ் அறியாதிருந்த காலத்தில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலேயே தமிழெழுத்தின் வடிவத்தை வரைந்துவைத்த உபாயம் அது. ஆகவே நாம் ‘கண்டி’ என்று திரையிற் படிக்கும் சொல்லைக் கணினி எஃப், இஸட், அரைப்புள்ளி, பி என்னும் நான்கு குறிகளாகவே சேமித்து வைத்திருக்கின்றது. எஃப்பின் இடத்திற் ககரம்; இஸட்டின் இடத்தில் ணகரம்; அரைப்புள்ளியின் இடத்தில் மெய்க்குரிய புள்ளி; பியின் இடத்தில் ‘டி’. பாமினி உள்ளவரை அது கண்டி. பாமினி நீங்கிய கணத்தில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். சிங்களத்தில் எஃப்.எம். அபய என்னும் எழுத்துருவும் இவ்வாறு அமைந்ததே; ஆதலால் அயலவர்க்கும் இவ்விடர் உண்டு.

ஒருங்குறி 1991இல் வெளியிட்ட முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் அளித்தது. விண்டோஸ் 2000 அதனைத் திரையிற் காட்டும் ஆற்றலும் பெற்றது. எனினும் பழகிய விரல்கள் பழைய விசைகளையே நாடின. விளைவு யாதெனில், நெடுங்காலம் தட்டெழுதப்பட்டவை பல இன்னும் பாமினியிலேயே கிடக்கின்றன: பழைய மாணவர் சங்கக் கூட்டக் குறிப்புக்கள், கோயிற் கணக்குகள், ஆசிரியர் ஒருவரின் அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டின் மூலப்பிரதி, பாட்டனார் சொல்லப் பேரன் எழுதிய குடும்ப வரலாறு. கோப்பு ஒன்றும் குறையாமற் பிரதிசெய்யப்பட்டு, கணினியும் புதுப்பொலிவு பெற்று, ஆறு மாதங்கழித்து அக்கல்வெட்டினைத் திறக்கும்போதுதான் வீட்டார் திகைப்பர். கோப்பு இருக்கின்றது, படிக்க இயலவில்லை. பழுதடைந்த கோப்பென்று கருதி அதனை நீக்கிவிடுவாரும் உளர். இது பெருந்தவறு. அதில் ஓரெழுத்தும் அழியவில்லை.

இதற்குச் செய்யவேண்டியது அதிகமன்று. சீ பிரிவிலுள்ள விண்டோஸ் என்னும் கோப்புறையுள் ஃபொன்ட்ஸ் என்றொரு கோப்புறை உண்டு. ஆவணங்களை மட்டும் பிரதிசெய்வோர் அப்பக்கம் செல்வதேயில்லை. அங்கிருக்கும் தமிழ், சிங்கள எழுத்துருக்கள் அனைத்தையும் முதலிற் பிரதிசெய்க. அவை மிகச் சிறியன. எந்த ஆவணம் எந்த எழுத்துருவில் உள்ளதென அறிய, அதனைத் திறந்து சொற்களின்மேற் சுட்டியை வைத்தால் மேலேயுள்ள பெட்டியிற் பெயர் தோன்றும், கொப்பியிற் குறித்துக்கொள்க. அடுத்து, முக்கியமான ஆவணங்களைப் பழைய கணினி இயங்கும்போதே பீ.டீ.எஃப். வடிவிலும் சேமிக்க. அவ்வடிவில் எழுத்துருவையும் உள்ளடக்கிவைக்க முடியுமாதலின், எங்கே திறந்தாலும் தமிழாகவே தோன்றும். மூன்றாவதாக ஒருங்குறிக்கு மாற்றுதல். இதற்குரிய மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஆவணத்தின் இடையே மெய்யான ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருப்பின், மாற்றி அதனையும் தமிழெனக் கருதி உருக்குலைத்துவிடும். ஆகையால் மாற்றிய பிரதியை மூலத்தோடு வரிக்குவரி ஒப்புநோக்குதல் வேண்டும். 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏட்டையும் எழுத்துப் பிரதியையும் வைத்துக்கொண்டு பட்ட பாட்டினை நோக்க, இஃது ஒரு மாலைப்பொழுதின் வேலையே.

வருடி மூலம் படமெடுத்து வைத்த பத்திரங்களைப்பற்றியும் ஒரு சொல். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலும் அலைக்கழிக்கப்பட்ட மலையகக் குடும்பங்களுக்குப் பிறப்புச் சான்றிதழின் பெறுமதி இன்னதென்று நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மூலப் பத்திரம் கறையான் அரித்துப்போக, கணினியிலுள்ள படமே எஞ்சியிருக்கும் வீடுகளும் உண்டு. அவ்வகைப் படங்களைத் தனியொரு கோப்புறையில், சொந்தக்காரர் பெயரும் ஆண்டும் இட்டுச் சேர்த்து வைக்க.

பிரதி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்று வெளி வன்தட்டில் வீட்டிலிருக்கட்டும். மற்றொன்று வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பகத்திலோ இருக்கட்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளைக் கண்டவர்க்கு இதன் காரணம் விளங்கும். ஃபாட் 32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஏறாது என்பதையும் அறிக. கலியாண வீடியோக்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறிவிடுகின்றன. பிரதிசெய்தபின் அதனை மற்றொரு கணினியிற் செருகி, நாலைந்து கோப்புக்களையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத பிரதியைப் பிரதியென்று நாம் கொள்வதில்லை.

இவையெல்லாவற்றினும் சிறந்த வழி ஒன்று உண்டு. கையிற் பணம் இருப்பின், பழைய வன்தட்டினை அழிக்கவே வேண்டாம். அதனைக் கழற்றி, திகதியெழுதிய சீட்டொன்றை ஒட்டி, ஈரம் புகாத பெட்டியில் வைத்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி. தட்டொன்றைப் பூட்டி அதன்மீது நிறுவுக. கணினியின் வேகம் கூடுவதும் உண்மையில் இத்தட்டினாலேயாம். பழைய தட்டிற் ‘டிக் டிக்’ என்னும் ஓசை கேட்குமாயின் இவ்வழியே வழி. அப்பொழுதும் தாமதியாது முதலிற் பிரதிசெய்க.

எஞ்சியவை சில்லறை வேலைகள். விண்டோஸையே மீள நிறுவுவோர் அதன் உரிமக் குறியீட்டைப் பெட்டியின் பக்கத்திலோ அடியிலோ உள்ள சீட்டிலிருந்து எழுதிக்கொள்க. சீட்டு மங்கியிருப்பின் வெளிச்சத்திற் புகைப்படம் எடுக்க. வலையமைப்புக்கும் அச்சுப்பொறிக்கும் உரிய இயக்கி மென்பொருள்களை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்க. இணையத்தோடு இணைக்கும் இயக்கியை இணையத்திலிருந்து எடுக்கலாமென்று காத்திருத்தல், திறப்பினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலாகும். கணினி ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பழைய ஆண்டினைத் திகதியாகக் காட்டுமாயின் தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்துள்ளது, அதனை மாற்றுக. திகதி பிழையாயின் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறவா.

மின்சாரத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததனால் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது 2025 பெப்ரவரி 9ஆந் திகதி என்பதை நம் வாசகர் மறந்திரார். அத்தகைய நாளை முன்னறிதல் எவர்க்கும் இயலாது. ஆனால் ஏப்பிரலிலும் ஒக்ரோபரிலும் கண்டியிற் பிற்பகலில் இடிமுழங்கும் என்பதை யாவரும் அறிவோம். அம்மாதங்களிற் காலையிலேயே தொடங்குக. யூ.பி.எஸ். ஒன்றை இரவல் பெற்றேனும் வைத்துக்கொள்க. மடிக்கணினியாயின் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும்.

லினக்ஸைத் தெரிந்தவர்க்கு இறுதியாக ஒரு பரீட்சை. பென் டிரைவிலிருந்தே அதனை, வன்தட்டினைத் தொடாது, இயக்கிப் பார்க்க முடியும். பழைய விண்டோஸ் எழும்பவே மறுத்தாலும், இவ்வழியில் வன்தட்டினைத் திறந்து கோப்புக்களை மீட்கலாம். அவ்வாறு இயக்கி, ஒலி கேட்கின்றதா, வலையமைப்பு இணைகின்றதா, அச்சுப்பொறி அச்சிடுகின்றதா என்று நோக்குக. பின்னர், எடுத்துவைத்த பாமினி எழுத்துருவை அங்கே சேர்த்துப் பழைய கோப்பொன்றைத் திறக்க. அதிற் ‘கண்டி’ என்ற சொல் கண்டியாகவே தோன்றுமாயின், ‘நிறுவுக’ என்னும் பொத்தானை அழுத்தலாம்.