பறித்த கையோடு உலை வைக்கிறவர்களுக்கு

வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கட்டி, முதல் காய்ப்பைப் பார்த்துவிட்ட பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். விதைக்கவும் உரம் வைக்கவும் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். காய்த்ததை அடுப்பில் ஏற்றும்போதுதான் புதியவர்கள் திணறுகிறார்கள். வீட்டில் கூடை நிறையக் காய் இருக்கும், அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கும் போய்விட்டு வருவார்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. தாமிரபரணிக் கரைச் சமையலும் அங்குள்ள மழை வெயிலும்தான் நான் படித்த பாடம். உங்கள் ஊரில் பட்டம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

1. முதலில் தோட்டத்துக்குப் போங்கள், பிறகு அடுக்களைக்கு வாருங்கள். நாளைக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் என்று இரவே தீர்மானித்துவிட்டுப் படுத்தால், காலையில் செடி உங்களை ஏமாற்றியதாகத்தான் தோன்றும். வீட்டுச் செடி அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று நிறுத்துத் தராது. இரண்டு கத்தரிக்காய், ஐந்து வெண்டைக்காய், ஒரு பிடி சீனியவரைக்காய், ஒற்றை முருங்கைக்காய் என்றுதான் தரும். சீனியவரை என்றால் மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் கொத்தவரங்காய். “இது யாருக்குக் காணும்?” என்று ஒவ்வொன்றையும் பிரிட்ஜில் சேர்த்துவைக்காதீர்கள். வெண்டையும் கத்தரியும் அதிகக் குளிர் தாங்காத காய்கள். ஒரு குழம்புக்குச் சேர்வதற்குள் முதலில் பறித்தது சுருங்கித் தோல் கறுத்துவிடும்.

2. கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கிற காய்க்கென்றே நம்மிடம் தனிச் சமையல் இருக்கிறது. அவியல், கூட்டாஞ்சோறு, திருவாதிரைக் களிக்கு வைக்கிற ஏழுகறிக் கூட்டு எல்லாம் பல காய் சேர்ந்தால்தான் ருசி. ஒரே காயில் அரைக் கிலோ வாங்கி அவியல் வைத்தால் அது அவியலே இல்லை. தோட்டம் போட்டவர்கள் முதலில் பழக வேண்டியது கூட்டாஞ்சோறு. ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. பருப்பை முதலில் போட்டு, அது அரைவேக்காடு வந்ததும் அரிசி. அரிசி கொதித்ததும் முருங்கைக்காய், சீனியவரை, வாழைக்காய். அவை பாதி வெந்தபின் கத்தரிக்காய். கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், மஞ்சள், சின்ன வெங்காயம் ஐந்தையும் கொரகொரவென்று அரைத்துச் சேர்த்து, புளியைக் கரைத்து ஊற்றிக் குழைய இறக்கிக் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளியுங்கள். தொட்டுக்கொள்ளக் கூழ்வற்றல் பொரித்தால் போதும்.

இதில் இரண்டு விஷயம் தவறக்கூடாது. கடினமான காய் முதலில், குழையும் காய் பிறகு. புளி எப்போதும் எல்லாவற்றுக்கும் கடைசி. புளிப்பு பட்டால் காயும் பருப்பும் மேற்கொண்டு எளிதில் வேகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும். இந்த வரிசை கைவந்துவிட்டால் அன்றைக்குச் செடியில் என்ன இருந்தாலும் கூட்டாஞ்சோறு ஆக்கலாம்.

3. பறிக்கும் பருவத்தைக் கண்ணும் விரலும் சொல்ல வேண்டும். வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் பறிக்கப் பக்குவமாகிவிடும். நுனியை ஒடித்தால் ‘பட்’டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். காய்ப்புக் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். முற்றலைச் செடியில் விட்டால் புதுப் பிஞ்சு குறைந்துவிடும். கத்தரிக்காயில் தோலின் பளபளப்பைப் பாருங்கள், மங்கினால் உள்ளே விதை கடினப்பட்டுவிட்டது. புடலங்காயில் நகம் எளிதாக இறங்க வேண்டும். அவரையில் கொட்டை புடைத்துவிட்டால் தோலோடு சமைக்காதீர்கள், உரித்துப் பயறாகக் குழம்பில் போடுங்கள். மழைக்காலத்தில் தக்காளி செடியிலேயே வெடிக்கும். அதனால் லேசாகச் சிவப்பு கண்டவுடன் பறித்து, கூடையில் பரப்பி வீட்டுக்குள் பழுக்க வையுங்கள்.

காலை வெயில் ஏறுமுன் பறிப்பது நல்லது. கீரையை மட்டும் உலை வைத்தபின் போய்க் கிள்ளலாம்.

4. பாகற்காய் தவிர வேறெந்தக் கொடிக்காய் கசந்தாலும் கொட்டிவிடுங்கள். சுரை, பீர்க்கு, வெள்ளரி, புடலை எதுவானாலும் நறுக்கும்போது நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசப்பு இருந்தால் அதில் நச்சு இருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது, புளியோ வெல்லமோ சேர்த்தாலும் போகாது. கசந்த சுரைக்காயைச் சாறு பிழிந்து குடித்து உயிர்விட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. எங்கோ விழுந்த விதையில் தானாக முளைத்த கொடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். “செடி வளர்த்த பாசம், வீணாக்க மனசில்லை” என்று யாரும் இதில் தயங்க வேண்டாம்.

5. மாதத்தை அறிந்து சமையுங்கள். ஆடியில் விதைத்தவர்களுக்கு ஆவணி, புரட்டாசியில் கீரையும் வெண்டையும் சீனியவரையும் கொடிக்காய்களும் வரும். இது கூட்டுக்கும் துவட்டலுக்கும் ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பாத்திக் கீரை அழுகும், பூ உதிரும். அப்போது வேலியிலும் ஓரத்திலும் நிற்கிற முருங்கைக்கீரையும் மணத்தக்காளியும்தான் கைகொடுக்கும். மிளகும் பூண்டும் தூக்கலாக வைத்து ரசமும் குழம்பும் வையுங்கள்.

மார்கழி, தைதான் தோட்டத்தின் நல்ல காலம். நாட்டு அவரைக்கு எத்தனை உரம் வைத்தாலும் பகல் குறுகாமல் பூக்காது. ஆடியில் போட்ட கொடி இலையாகவே படர்ந்து நிற்பதைப் பார்த்து மலடு என்று பிடுங்கிவிடாதீர்கள். பனி தொடங்கியதும் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். மொச்சையும் அப்போதுதான். மண்ணுக்குள் சிறுகிழங்கும் இந்த நாளில்தான் பருக்கும். எங்கள் பக்கத்தில் சிறுகிழங்கும் சேனையும் பிடிகிழங்கும் இல்லாமல் பொங்கல் இல்லை. சிறுகிழங்கைக் கத்தியால் சீவினால் பாதி போய்விடும். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் கழன்றுவரும். அதன் மண்வாசனையை மசாலா போட்டு மூடாதீர்கள். தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் போதும்.

மாசி, பங்குனியில் மாவடு, வேப்பம்பூ. வேப்பம்பூவை மரத்தடியில் துணி விரித்துச் சேகரித்து, காயவைத்து எடுத்துக்கொண்டால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். சித்திரையில் முருங்கைக்காய், மாங்காய், பலாக்கொட்டை மூன்றும் ஒரே சமயம் கிடைக்கும். மூன்றையும் ஒரே குழம்பில் போடுங்கள். சித்திரை வெயிலில் உண்ண இதைவிடச் சிறந்த குழம்பை நான் அறியேன். அந்த மாதம் அவியலுக்கும் தயிர் வேண்டாம், மாங்காய்ப் புளிப்பே போதும்.

இடம் குறைவாக உள்ளவர்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 முருங்கையை விதை போட்டு வளர்க்கலாம். ஆறு மாதத்தில் காய்க்கும்.

6. கீரையை மூடி போடாமல் வேகவையுங்கள். பச்சை நிறம் அப்போதுதான் நிற்கும்.

7. சேனை, கருணையைத் தோண்டிய அன்றே சமைக்க அவசரப்படாதீர்கள். காற்றாட நாள்படக் கிடந்தால் நமைச்சல் குறையும். வேகும்போது புளி சேர்த்தால் நாக்கு தப்பும். காய் வேகுமுன் புளி கூடாது என்று மேலே சொன்னேனே, அதற்கு இது ஒன்றுதான் விலக்கு. அதனால் நின்று நிதானமாக வேகவிடுங்கள்.

8. தோலையும் விதையையும் சமையலாகப் பாருங்கள். பீர்க்கங்காய்த் தோலை நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், புளியோடு துவையல் அரையுங்கள். புடலை விதையிலும் அப்படியே செய்யலாம். வாழை போட்டிருந்தால் தார் வெட்டிய கையோடு தண்டையும் எடுங்கள். நறுக்கிய தண்டையும் பூவையும் மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது.

9. ஒருநாள் செடி குவித்துத் தள்ளும். அண்டை வீட்டுக்குக் கொடுத்ததுபோக மீந்ததை வற்றல் போடுங்கள். பங்குனி, சித்திரை வெயில்தான் அதற்கு. ஐப்பசியில் முயன்றால் பூஞ்சைதான் மிஞ்சும். சீனியவரையையும் கத்தரிக்காயையும் உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக எடுத்து, வடிகட்டிப் பாயில் பரப்புங்கள். சுண்டைக்காயை லேசாகத் தட்டி, மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவையுங்கள். பகலில் வெயில், இரவில் மறுபடி அதே மோர். மோர் முழுவதும் வற்றும்வரை இதைச் செய்து, பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை உலர்த்துங்கள். லேசாகத் துவண்டாலும் டப்பாவில் அடைக்காதீர்கள். ஐப்பசி மழையில் பாத்தி வெறுமையாகக் கிடக்கும்போது இந்த வற்றலில்தான் குழம்பு.

10. எல்லாவற்றையும் சமைத்துவிடாதீர்கள். நன்றாகக் காய்க்கிற செடியில், கொத்தில் திரண்ட காயாக இரண்டு மூன்றைப் பார்த்துச் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். வீட்டில் யார் பறிக்கப் போனாலும் அது விதைக்காய் என்று தெரிய வேண்டும். அவரையும் வெண்டையும் செடியிலேயே காய்ந்து சலசலக்கட்டும். கத்தரி மஞ்சளாகப் பழுத்தால்தான் விதை தேறும். விதையை நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பலில் புரட்டி, காய்ந்த புட்டியில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். ஆடி பிறந்ததும் எடுங்கள்.