சின்னச் சேதிகளை விட்டுவிடாதே

வாலாஜாபேட்டை

அன்புள்ள மகளுக்கு,

கோயம்புத்தூரிலிருந்து நீ அனுப்பிய செய்தியை இரண்டு முறை படித்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போன உன் தோழியோடு பேச இப்போது ஒன்றுமே இல்லாதது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். ரியாத்திலிருக்கும் அண்ணனும் "நல்லாயிருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறானாம். ஊரைவிட்டுப் போனால் எல்லாரும் இப்படித்தான் ஆகிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தோழிக்கு உன்மேல் இருந்த பாசம் எங்கும் போய்விடவில்லை. உங்களுக்குள் சேதிதான் குறைந்துவிட்டது. இங்கே படித்தபோது இருவருக்கும் ஒரே பஸ், ஒரே டீச்சர், ஒரே மழை. நீங்கள் பேசியதில் முக்கால்வாசி ஒன்றுக்கும் உதவாத பேச்சு. அந்த உதவாத பேச்சில்தான் நட்பு வளர்ந்தது. இப்போதோ, சொல்லும்படியாக ஏதாவது நடக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று இருவரும் காத்திருக்கிறீர்கள். சொல்லும்படியான பெரிய விஷயம் வருஷத்துக்கு இரண்டு மூன்றுதான் வரும். அதுவரை பேசாமல் இருந்தால், வரும்போது அதைச் சொல்லவும் கூச்சமாகிவிடும்.

பிரிட்டனில் சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கும் வேலைக்கும் பிரிந்துபோன 30 மாணவர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்து, 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடும்பத்தாரிடம் இருந்த நெருக்கம் பெரிதாகக் குறையவில்லை. நண்பர்களிடம் இருந்த நெருக்கம், முயற்சி எடுத்துக் காப்பாற்றாத இடத்திலெல்லாம் குறைந்துவிட்டது. பெண்களின் நட்பைப் பேச்சு காப்பாற்றியதாகவும், பையன்களின் நட்பைச் சேர்ந்து ஏதாவது செய்வது காப்பாற்றியதாகவும் அவர்கள் கண்டார்கள். முப்பது பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனால் நம் தெருவில் நான் பார்த்ததும் இதுதான். அண்ணன் எப்படியும் அண்ணனாகவே இருப்பான். தோழி அப்படியில்லை, அவளை நீ தேடிப் போக வேண்டும்.

ஆகவே தோழியிடமிருந்து தொடங்கு. அவள் எந்தப் பிரிவில் வேலை செய்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? தோலை வெட்டும் கட்டிங்கிலா, ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் இடத்திலா, கடைசியில் பேக்கிங்கிலா? பக்கத்தில் உட்காருகிறவள் யார்? சூப்பர்வைசர் கோபக்காரரா? மத்தியானம் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடுகிறார்கள்? இதெல்லாம் தெரியாமல் "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லாயிருக்கேன்" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்விக்குள் வேறு பதில் நுழைய இடமில்லை. "அந்தப் புது மெஷின் இன்னும் நூலை அறுத்துக்கிட்டுதான் இருக்கா?" என்று கேட்டுப்பார், அவள் அரை மணி நேரம் பேசுவாள். அப்படிக் கேட்க வேண்டுமானால் போன தடவை அவள் சொன்னது உனக்கு நினைவிருக்க வேண்டும். நினைவில் நிற்காது என்றால் காலண்டரில் குறித்து வை. அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றைக்கு, தம்பிக்குப் பரீட்சை எப்போது என்று குறித்து வைத்துக் கேட்பதைப் பாசாங்கு என்று நினைக்காதே. மறந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் குறித்து வைப்பார்கள்.

யார் யாரை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளாதே. வேலை நேரத்தில் அவள் கையில் போன் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர், சமையல், துணி என்று காத்திருக்கும். உனக்கோ ஹாஸ்டலில் மணி அடித்தால் சாப்பாடு. நேரம் அதிகமிருப்பவர் அதிகம் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று ஒரு வேளையை அவளிடமே கேட்டு வைத்துக்கொள்.

அண்ணன் விஷயம் வேறு. ரியாத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. நம் ஞாயிறு அவனுக்கு வேலை நாள். வீட்டில் எல்லாரும் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக அவனைக் கூப்பிடுகிறோம். அவன் வேலைக்கு நடுவில் பதில் சொல்கிறான். பிறகு அவன் சரியாகப் பேசுவதில்லை என்று வருத்தப்படுகிறோம். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குக் கூப்பிடு. அங்கே மாலை 6.30, ஓய்ந்து உட்கார்ந்திருப்பான். பேச்சு வராதவனிடம் பேச்சை எதிர்பார்க்காமல், சேர்ந்து ஒரு வேலை செய். கிரிக்கெட் மேட்சை அவன் அங்கே பார்க்கட்டும், நீ இங்கே பார், விக்கெட் விழுந்தால் ஒரு வரி அனுப்பு. அவன் சமைக்கத் திணறினால் நம் வீட்டுப் புளிக்குழம்பைப் போனில் கூடவே இருந்து வைக்கச் சொல்லிக்கொடு.

எங்கள் காலத்தில், எழுபதுகளிலும் எண்பதுகளிலும், வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகளில் கடிதத்தோடு கேசட்டும் போகும் வரும். டேப் ரிக்கார்டரை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு ஆளாளுக்குப் பேசுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு அது பெரிய வரம். சொல்ல வந்ததைவிடப் பின்னால் கேட்பதுதான் அங்கிருப்பவரை உருக்கும்: குழந்தையின் அழுகை, தெருவில் காய்காரரின் கூவல், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரல். உன் பாட்டிக்கு இன்று அதே வசதி வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது. வீடியோ காலில் அவர் முகத்தைக் காட்டுவதற்குள் களைத்துப்போகிறார். குரலை அனுப்பினால் படுத்துக்கொண்டே நாலு தரம் கேட்பார். குடும்பக் குரூப்பில் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை, உயிரோடு நலமாக இருக்கிறோம் என்று அது சொல்கிறது. ஆனால் இருபது பேருக்கு அனுப்பியது பாட்டிக்கு அனுப்பியதாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் கடினமானது. கெட்ட சேதியை மறைக்காதே. தூரத்திலிருப்பவன் பதறுவானே என்று வீட்டார் மறைப்பார்கள். வீட்டார் கலங்குவார்களே என்று அவனும் மறைப்பான். இரண்டும் அன்பில்தான் நடக்கிறது. ஆனால் நம் தெருவில் ஓர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததை, வெளிநாட்டிலிருந்த மகன் பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்துகொண்டான். அதன் பிறகு அம்மா "நல்லாயிருக்கேன்டா" என்று உண்மையாகவே சொன்னாலும் அவனால் நம்ப முடியவில்லை.

மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும், எடுத்துப் படி. 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். நமக்குப் பக்கத்தில் இருக்கும் வேலம் கிராமத்தில் வளர்ந்தவர் அவர். கதையும் நம் வாலாஜாவில், பாலாற்றங்கரையில்தான் தொடங்குகிறது. பெருங்காஞ்சியிலிருந்து இங்கே படிக்க வரும் சந்திரனும் வேலய்யனும் உயிர் நண்பர்கள். பிறகு சென்னையில் படிக்கும்போது, மனத்துக்குள் நடப்பதைச் சந்திரன் மறைக்கத் தொடங்குகிறான். ஒரு நாள் எவரிடமும் சொல்லாமல் எங்கோ போய்விடுகிறான். கூடவே இருந்தும் விலகிப்போக முடியும் என்பதை அந்தப் பகுதிகளில் பார்ப்பாய். எனக்கு அதில் பிடித்தவன் வேலய்யன். அவன் நண்பனை விட்டுவிடுவதில்லை.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பாட்டிக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, மாடி ஏறுவதை நிறுத்திவிட்டோம். பயப்படும்படி இல்லை. இனி எதுவானாலும் உடனே சொல்வேன். நீயும் மார்க் குறைந்தாலும் காய்ச்சல் வந்தாலும் சொல்.

கடைசியாக, போனில் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. இன்று அதே தடம் காட்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை வழியாக உன் கோயம்புத்தூர்வரை நீள்கிறது. நீ ஒவ்வொரு லீவுக்கும் தோழி இருக்கும் ஊரைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறாய்! தீபாவளிக்கு டிக்கெட் போடும்போது ஆம்பூரில் நிற்கும் வண்டியாகப் பார். அவளுக்கு லீவு என்றைக்கு என்று முதலில் கேட்டுக்கொள். ஒரு ராத்திரி அங்கே தங்கு. மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு வா. எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் பெரியம்மா