டாலமைட்டு என்னும் புதிர்

இத்தாலி நாட்டின் வடபாகத்தில் டாலமைட்டு மலைகள் என்னும் தொடர் ஒன்றுண்டு. மாலை வெயில் படுங்கால் அவற்றின் வெளிறிய கொடுமுடிகள் செந்நிறம் பெற்று விளங்கும். அம்மலைகளின் கல் பார்வைக்குச் சுண்ணாம்புக் கல்லே போலும். ஆயினும் அமிலத்துளி பட்டவிடத்துச் சுண்ணாம்புக் கல்லைப்போற் பொங்கி நுரையாது, மெல்லவே குமிழியிடும். இவ்வேறுபாட்டை 1791-இல் எழுதி வெளியிட்டவர் தொலொமியே என்னும் பிரெஞ்சு அறிஞர். மறு ஆண்டில் இளைய சொசூர் என்பார் அக்கல்லுக்கு அவர் பெயரையே இட்டனர். ஆள்பெயர் கல்லுக்கும், கல்லின் பெயர் மலைக்கும் ஆகிவந்தமையின், இலக்கணம் பயிலும் யாம் இதனை இருமடியாகுபெயர் எனக் கொண்டு மகிழ்வோம்.

சுண்ணாம்புக் கல் கால்சியம் கார்பனேட்டாலாயது. டாலமைட்டிலோ கால்சிய அடுக்கும் மக்னீசிய அடுக்கும் மாறிமாறி நிற்ப, அவற்றிடையே கார்பனேட்டு அமையும். பத்துக்கோடி ஆண்டுகட்கு முற்பட்ட பாறைகளில் இக்கல் மிகுதி. இக்காலத்துக் கடலடியிலோ மிக அரிது. கடல்நீரில் வேண்டும் பொருள்களெல்லாம் குறைவின்றியுள. எனினும் டாலமைட்டு படிவதில்லை. புதிர் இதுவே. லாண்டு என்னும் அமெரிக்க அறிஞர், படிதற்கு வேண்டுவதினும் ஆயிரமடங்கு செறிந்த கரைசலை 25 பாகை வெப்பத்தில் 32 ஆண்டுகள் வைத்துப் பார்த்தும் ஒரு துகளும் தோன்றவில்லையென 1998-இல் எழுதினர். அவர் பொறுமையை யாம் வியக்கின்றோம்.

வெப்பம் மிகின் ஆய்வுக்கூடத்தில் இக்கல் எளிதில் உண்டாம். பிரேசில் நாட்டு உப்பங்கழியொன்றின் நுண்ணுயிர்கள் குளிர்ந்த நீரிலும் இதனை ஆக்குமென 1995-இல் ஒரு கருத்து வெளிவந்தது. அங்ஙனம் விளைந்தது செவ்விய அடுக்குடையதோ என்னும் ஐயம் பின்னர் எழுந்தது.

2023-இல் மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் கூறிய விடையே எமக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. படிகம் வளருங்கால் கால்சியமும் மக்னீசியமும் தத்தம் இடமறியாது கலந்து வந்து அமர்கின்றன. அமைப்புப் பிழைபடவே மேலடுக்கு எழாது தடைப்படும். பிழைபட்ட இடங்கள் உறுதி குறைந்தன; ஆதலின் நீரின் செறிவு தாழுங்கால் அவையே முதலிற் கரையும். செறிவு மீண்டும் உயரின், காலியான இடத்தில் முறைப்படி அமைதற்கு வாய்ப்புண்டு. ஆகவே ஓயாது வளர்வதினும், இடையிடையே கரைந்து வளர்வதே விரைந்த வளர்ச்சியாம்! இதனைச் சோதிக்க, கரைசலிலிட்ட சிறு படிகத்தின்மீது எலெக்ட்ரான் கற்றையை இரண்டு மணி நேரத்தில் 4,000 முறை விட்டுவிட்டுப் பாய்ச்சினர். கற்றை நீரைப் பிளந்து அமிலமாக்க, அவ்வமிலம் பிழைகளைக் கரைத்தது. முன்னர் எவரும் ஐந்தடுக்கிற்கு மேல் வளர்த்திலர். இவர்க்கோ ஏறத்தாழ 300 அடுக்குகள் வளர்ந்தன.

பழைய டாலமைட்டில் பெரும்பகுதி, சுண்ணாம்புக் கல்லாய்ப் படிந்தபின் மக்னீசியம் மிக்க நீர் ஊடுருவ மாறியதென்பர். அம்மாற்றம் நிகழ்ந்த வகையையும் இவ்விடை முழுதும் விளக்குமோ என்பது ஆராய்தற்குரியது. ஆயினும் இன்று டாலமைட்டு சிறிதேனும் உண்டாகும் இடங்கள் யாவை? தென் ஆஸ்திரேலியாவிற் கூரோங்கை அடுத்த ஏரிகளும், அபுதாபிக் கடற்கரையின் உவர்நிலங்களும். அவை நீர் ஏறுவதும் வற்றுவதும் மாறிமாறி நிகழும் இடங்களே.