வானொலி உரையாடலில் வட்டாரக் கலைஞர்

வட்டாரக் கலை ஒன்றை அறியப் பாடலேடு மட்டும் போதாது. கலைஞர்தம் வாய்மொழியும் வேண்டும். அவ்வாய்மொழியை இல்லந்தோறும் கொணர்ந்த கருவி வானொலியாகும். திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் திருநெல்வேலி நிலையம் 1963ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. காவிரிக் கரையின் நாகசுரமும் பொருநைக் கரையின் வில்லுப்பாட்டும் அவ்வந்நிலத்திலிருந்தே ஒலிபரப்பாக இவை வழிவகுத்தன. இசை ஒலிபரப்பின் பயனைப் பலரும் எழுதியுள்ளனர். கலைஞரோடு நிகழ்த்தப்பெறும் உரையாடலையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

உரையாடலின் தரம் வினாவைப் பொறுத்தது. "தாங்கள் பெற்ற விருதுகள் யாவை?" என வினவின் விடை பட்டியலாய் முடியும். "சீவாளியை எங்ஙனம் பதப்படுத்துகிறீர்கள்?" என வினவினாலோ ஒரு தொழிலே விரியும். நாணலை வெட்டி வேகவைத்து உலர்த்திக் கட்டும் முறை, நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் பழைய வீடுகளின் முதிர்ந்த ஆச்சா மரத்தையே நாடுவதன் காரணம் ஆகியன அவ்விடையில் வந்து சேரும். வில்லுப்பாட்டிலும் அவ்வாறே. வலத்தே பாடுவோர் யார், இடத்தே பாடுவோர் யார், வீசுகோலும் குடமும் உடுக்கையும் எவ்விடத்தில் ஒன்றுகூட வேண்டும் என்பவற்றைப் பாடகரே கூறக் கேட்டல் வேண்டும். அகராதிக்குள் இன்னும் புகாத சொற்கள் பல அங்கே கிடைக்கும்.

நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திர நாட்டிற் பிறந்து, நாச்சியார்கோவிலில் தஞ்சைப் பாணியைப் பயின்று, திருவரங்கத்தில் வாழ்ந்தவர். இத்தகையோரிடம் "முஸ்லிமாகிய தாங்கள் கோயில் இசைக்கருவியை வாசிப்பது எப்படி?" என்று மட்டும் வினவுவது, நம் கருத்தில், வாய்ப்பை வீணாக்குவதாகும். ஒரு பாணியினின்று மற்றொரு பாணிக்கு மூச்சும் விரலும் எவ்வாறு மாறின என வினவுவதே இசை வரலாற்றுக்கு உதவும்.

நம் துறைக்கு இதில் தனி அக்கறை உண்டு. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகிய இலக்கிய வகைகளை இஸ்லாமியப் புலவர் தமிழுக்குத் தந்தனர். இவற்றுட் பலவற்றின் பாடம் அச்சேறியுள்ளது. பாடும் முறை அச்சேறவில்லை. அம்முறை முதிய பாடகர் தொண்டையிலும், தாயிரா கொட்டிப் பாடும் பக்கீர்மார் நினைவிலுமே தங்கியுள்ளது. அவர்களிடம் வினவாது விட்டால் மெட்டிழந்த பாடமே மாணவர்க்கு எஞ்சும்.

ஒலிப்பதிவு செய்ததனாலேயே உரையாடல் நிலைத்துவிடாது. 1200 அடி நாடா, நொடிக்கு 7.5 அங்குல விரைவில், 32 நிமிடமே ஓடும். நாடாவின் விலை கருதிப் பழைய பதிவை அழித்துப் புதியதைப் பதிவு செய்தல் வானொலி உலகில் வழக்கமாக இருந்தது. எஞ்சியவையும் ஈரத்தால் பூஞ்சை படர்ந்து பாழாகும். எனவே கிடைக்கும் பதிவுகளைக் கணினிக்கு மாற்றுவதோடு எழுத்திலும் பெயர்த்து வைத்தல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பதிவை எடுத்துக்கொண்டால் ஒரு பருவத்திற்குள் அப்பணி முடியும். ஆயின் ஒரு கட்டுப்பாடு: நெல்லைக் கலைஞர் "சொல்லுதோம்" என்றால் அதனைச் "சொல்லுகிறோம்" எனத் திருத்தி எழுதலாகாது.