ஆய்வுக் கட்டுரையை எடைபோடுவது எப்படி?

கேள்வி: எம்.எட். படிக்கிறேன். மொழிக் கல்வி பற்றிய ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றை விமர்சிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பேராசிரியர்கள் எழுதியதில் நான் என்ன குறை காண முடியும்?

பதில்: குறை தேடுவது விமர்சனமல்ல. கட்டுரை தரும் சான்று அதன் முடிவைத் தாங்குகிறதா என்று சோதிப்பதே விமர்சனம்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் 38 ஆய்வுகளைத் தொகுத்தது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்பித்தால் வாசிப்பு மேம்படும் என்றது. பயன் எவ்வளவு என்று காட்டும் ‘விளைவின் அளவு’ 0.41 என்றது. 2003-இல் கமில்லி என்ற ஆய்வாளரின் குழுவினர் ஏறக்குறைய அதே ஆய்வுகளை மறுபடி அலசினார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஓரளவு ஒலிப்பயிற்சி கிடைத்ததா, தனிப்பயிற்சி தரப்பட்டதா என்பவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். கிடைத்தது 0.24. முறை பயன் தருகிறது என்பது நிலைத்தது. எவ்வளவு என்பதுதான் மாறியது.

நீங்களும் இவற்றைக் கேளுங்கள்: எந்த வகுப்பு, எத்தனை மாணவர்? ஒப்பீட்டுக் குழு என்ன படித்தது? தேர்வு அளந்தது சொல்லை உச்சரிப்பதையா, பொருள் புரிவதையா? முடிவுரை தரவைத் தாண்டிப் பேசுகிறதா?

அட்டவணையை முதலில் படியுங்கள், முடிவுரையைப் பிறகு. பேராசிரியரின் பெயரைக் கண்டு தயங்காதீர்கள். இத்தகைய கட்டுரைகளின் முடிவுகள் வகுப்பறைக் குழந்தைகளைத் தொடுகின்றன.