காட்டைப் பேண எந்த அமைப்பு? பழங்குடி ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியிலோ சத்தியமங்கலத்திலோ ஒரு பழங்குடி ஊர், தன் காட்டைத் தானே பேணுவது என்று முடிவெடுத்தால், கூடவே இன்னொரு கேள்வி கிளம்பும்: இந்த வேலையை எந்தப் பெயரில் செய்வது? உண்ணிச்செடியை அகற்றக் கூலி தருகிறோம், ஒரு குழு அமையுங்கள் என்பார்கள் வனத்துறையினர். அறக்கட்டளை பதிவு செய்தால் நிதி வாங்கலாம் என்பார் தொண்டு நிறுவனக்காரர். தேனையும் காப்பியையும் நல்ல விலைக்கு விற்க உற்பத்தியாளர் நிறுவனம்தான் வழி என்பார் வங்கி அதிகாரி. கிராம சபையே போதும் என்பார்கள் வன உரிமை இயக்கத்தினர். நால்வர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முதலில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான், பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் காட்டைப் பற்றிப் பேசும் உரிமை யாரிடம் இருக்கும் என்பது முடிவாகிறது.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தைப் பற்றிய முடிவுகள் கிராம சபையில்தான் இருக்க வேண்டும். குழு, சங்கம், நிறுவனம் எதுவானாலும் அந்தச் சபையின் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டுப் பிறக்க வேண்டும். நிறுவனத்தை முதலில் தொடங்கிவிட்டு, பிறகு ஊரைக் கூட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த ஒப்புதல் வெறும் கையெழுத்தாகவே நின்றுவிடும்.

இப்படிச் சொல்வதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைப் பாதுகாக்கவும், மீண்டும் வளர்க்கவும், நிர்வகிக்கவும் ஊருக்கு உரிமை தருகிறது. அதன் 5ஆம் பிரிவு காட்டுயிர், நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பண்பாட்டு மரபைச் சிதைக்கும் செயல்களிலிருந்து வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தையும் சபைக்குக் கொடுக்கிறது. நிலம் வேறு, பண்பாடு வேறு என்று பிரிக்காத சட்டம் நம் நாட்டில் அரிது. இந்த அதிகாரத்தின் வலுவை 2013இல் ஒடிசாவின் நியம்கிரியில் நாடே பார்த்தது. உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. டோங்ரியா கோண்டு மக்கள் தங்கள் தெய்வம் வாழும் மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 12 சபைகளிலும் தீர்மானம் போட்டார்கள். ஓர் அறக்கட்டளையோ நிறுவனமோ போட்ட தீர்மானத்துக்கு அந்த மதிப்பு கிடைத்திருக்காது.

இங்கே கிராம சபை என்றால் ஊராட்சித் தலைவர் கூட்டும் பெரிய சபை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது. அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் பெசா சட்டமும் இங்கே செல்லாது. ஆனால் வன உரிமைச் சட்டம் காட்டுக் கிராமங்களையும் பழைய குடியிருப்புகளையும் 'கிராமம்' என்றே ஏற்கிறது. முப்பது வீடுள்ள ஒரு பதியோ பாடியோ தன் சபையைக் கூட்டுவதற்கு வழி இருக்கிறது. கோரம் மட்டும் கண்டிப்பானது: உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். தீர்மானப் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போடுங்கள். கடைசிக் கையெழுத்துக்கும் கைரேகைக்கும் கீழே மிச்சமிருக்கும் வெற்றிடத்தைக் குறுக்காகக் கோடு போட்டு மூடிவிடுங்கள். அந்த வெற்றிடத்தில் பிறகு யாரும் ஒரு வரியைச் சேர்க்க முடியாது.

சமூக வன வள உரிமைக்கான கோரிக்கையைப் படிவம் 'சி'யில் கொடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு சான்றுகள் தேவை. பட்டாவும் ரசீதும் இல்லையே என்று தயங்க வேண்டாம். மூத்தோர் வாக்குமூலம் சான்றுதான். சுடுகாடு, பழைய கிணறு, தெய்வம் இருக்கும் இடம் எல்லாமே சான்றுதான். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் தங்கள் தெய்வ இடங்களையும் குல எல்லைகளையும் நடந்தே வரைபடமாக்கினார்கள். 2011இல் அங்கே சமூக உரிமைகள் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகத்துக்குள் அப்படி நடந்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. ஆகவே பண்பாட்டு மீட்புக்கு நிதி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. பெரியவர்களோடு இளைஞர்கள் காட்டில் நடந்து பெயர்களைக் கேட்டு எழுதுவதே பண்பாட்டு வேலையாகவும் உரிமைக் கோரிக்கையாகவும் ஆகிவிடும்.

கிராம சபையின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். வேலை மெதுவாகவே நடக்கும். வெளிநிதி வாங்குவதும் வரி விலக்குச் சான்று காட்டுவதும் அதற்குக் கடினம். உரிமைச் சான்று கையில் இருந்தாலும் வனச்சரகர் அதை மதிக்காமல் போகலாம். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் உரிமைச் சான்று வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்ததால், இந்த அனுபவமே நமக்குப் பிந்தி வந்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேண்டா லேகா 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு உரிமை பெற்றது. அப்படியும் தன் மூங்கிலைத் தானே விற்பதற்கான அனுமதிப் புத்தகம் 2011இல்தான் அதன் கைக்கு வந்தது. 

அடுத்தது வனத்துறையோடு சேர்ந்து இயங்கும் கிராம வனக்குழு. கூட்டு வன மேலாண்மை 1990இல் மத்திய அரசின் சுற்றறிக்கையால் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பான் கடனுதவியோடு நடந்த காடு வளர்ப்புத் திட்டத்தில் இந்தக் குழுக்கள் ஊர் ஊராக அமைந்தன. கூலி உடனே வரும், நாற்று வரும், தடுப்பணை வரும். குழுத் தலைவர் ஊர்க்காரராக இருப்பார். ஆனால் செயலர் வனத்துறை ஊழியர், வேலைத்திட்டம் துறையுடையது, நிலமும் துறையுடையது. திட்ட நிதி நின்றதும் பல குழுக்கள் பெயரளவில் மட்டுமே மிஞ்சின. உரிமைக் கோரிக்கை இன்னும் முடிவாகாத ஊருக்கு, இந்த வருடத்துப் பிழைப்புக்காக இதில் சேர்வது நியாயமான முடிவுதான். அப்படிச் சேரும்போது, இந்தக் குழுவில் சேர்வதால் வன உரிமைக் கோரிக்கை எதையும் ஊர் விட்டுக்கொடுக்கவில்லை என்று சபையில் ஒரு வரித் தீர்மானம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிச்செடி வேலையை வைத்தே சபைக்கும் வனக்குழுவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கலாம். உண்ணியைத் தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கே தூர் பிடித்து இன்னும் அடர்த்தியாக வரும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாக நிறுத்தி வைக்க வேண்டும். வேர் மண்ணில் படவே கூடாது. பிறகு அங்கே உள்ளூர்ப் புல் வர வேண்டும், விதையிலிருந்து முளைக்கும் உண்ணியைச் சில ஆண்டுகளாவது விடாமல் பிடுங்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே தவணையில் அளந்து கூலி தரும் திட்டத்தில் முதல் வேலை மட்டும் நடக்கும். மூன்றாம் ஆண்டுப் பிடுங்கலுக்குக் கணக்கில் தலைப்பே இருக்காது. ஊர் தன் மேலாண்மைத் திட்டத்தைத் தானே எழுதினால் அந்த மூன்றாம் ஆண்டையும் எழுதும், ஏனென்றால் மாடு மேய்ப்பதும் கிழங்கு தோண்டுவதும் அதே இடத்தில்தான். இன்னொன்றும் உண்டு. கோடைக்கு முன்பே சருகை இலேசாக எரித்துவிடும் சோளகர் வழக்கம் தடுக்கப்பட்ட பிறகுதான் உண்ணி இப்படிப் பரவியது என்று பிலிகிரிரங்கன் மலைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். வனத்துறைச் செயலர் இருக்கும் குழுவில் நெருப்பு என்ற பேச்சையே எடுக்க முடியாது. சபையில் எடுத்து, பேசி, எழுதி, துறையோடு வாதாட முடியும்.

அறக்கட்டளை, சங்கம் என்ற இரண்டில் நான் சங்கத்தின் பக்கம். அறக்கட்டளைப் பத்திரத்தில் முதலில் யார் பெயர் ஏறுகிறதோ அவர்களே பெரும்பாலும் ஆயுளுக்கும் அறங்காவலர்கள். பல இடங்களில் அவர்கள் வெளியூர்க்காரர்கள், நல்லவர்களாகவே இருந்தாலும். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். தேர்தல் உண்டு, ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்குக் காட்ட வேண்டும், பிடிக்காதவரை மாற்றலாம். கூடலூரில் 1980களில் வளர்ந்த ஆதிவாசி முன்னேற்ற சங்கத்தை இங்கே நினைக்க வேண்டும். மக்கள் அமைப்பு வேறாகவும், அதற்குத் துணை நின்ற தொண்டு நிறுவனம் வேறாகவும் இருந்தன. 1988 டிசம்பரில் நில உரிமைக்காகப் பல்லாயிரம் ஆதிவாசிகள் கூடலூரில் திரண்டது மக்கள் அமைப்பின் பெயரில்தான். நிதி வாங்கும் கை ஒன்று, முடிவெடுக்கும் வாய் ஒன்று என்ற அந்த ஏற்பாடு இன்றைக்கும் பின்பற்றத் தக்கது.

உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள், ஐந்து இயக்குநர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. ஆண்டுதோறும் தணிக்கை, முழுநேர முதன்மை அலுவலர், கொள்முதலுக்கு நடைமுறை மூலதனம். விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. ஆகவே ஒற்றை ஊர் இதைத் தொடங்கவே வேண்டாம். கோத்தகிரியில் 2013இல் தொடங்கிய ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் பல ஊர்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடிப் பங்குதாரர்களோடு நடக்கிறது, 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருதையும் பெற்றது. அப்படி இருக்கும் நிறுவனத்தில் பங்கு வாங்கிச் சேர்வதே புத்திசாலித்தனம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். குறும்பர்கள் பாறைத்தேன் எடுக்கும்போது, இறங்குபவரின் கயிற்றை மேலே பிடித்திருப்பவர் மைத்துனர். எந்தப் பாறையில் எந்த ஆண்டு இறங்குவது, எத்தனை அடையை விட்டுவிடுவது என்பதெல்லாம் அந்தக் குடும்ப உறவுகளுக்குள்ளேயே முடிவாகும். சந்தையிலிருந்து இருமடங்கு ஆர்டர் வந்தால் இந்த முடிவு அலுவலகத்துக்கு இடம் மாறிவிடக் கூடாது. அறுவடை வரம்பைச் சபை போட வேண்டும். நிறுவனம் அதற்குள்தான் வாங்க வேண்டும்.

பண்பாட்டு வேலையை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. தோடர்களின் அரைவட்டக் கூரைக் கோயிலை மீண்டும் வேய, சதுப்பில் வளரும் குறிப்பிட்ட ஒரு புல் வேண்டும்; பிரம்பும் மூங்கிலும் வேண்டும். நீலகிரியின் புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டஸும் பைனும் நட்டு அந்தச் சதுப்புகள் சுருங்கின. இப்போது ஒரு திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'பண்பாடு' என்ற தலைப்பில் கோடை விழா மேடையில் நடனம், 'நிலம்' என்ற தலைப்பில் இத்தனை ஆயிரம் மரக்கன்றுகள். இரண்டுமே நிறைவேறும், சதுப்பு அப்படியே கிடக்கும். புல்வெளியில் மரக்கன்று நட்டால் இன்னும் கெடும். சீகையை அகற்றி, நீர் தேங்கவிட்டு, புல்லைத் திரும்ப வரவைத்து, அடுத்த கூரை வேய்தலுக்கு மந்தின், அதாவது தோடர் குடியிருப்பின், பெரியவர்கள் இளைஞர்களை அழைத்துப் போவதுதான் இரண்டுக்கும் ஒரே வேலை. அதற்கு நிதிக் கணக்கிலும் ஒரே தலைப்பு கேளுங்கள். தர மறுப்பவர்களிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

பல்லுயிர் மேலாண்மைக் குழு வந்து மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு தயாரிக்கக் கேட்கும். பயனுள்ளதுதான். ஆனால் மருந்துச் செடியின் பெயரைச் சொல்வது வேறு, அதன் பக்குவத்தைச் சொல்வது வேறு. பொதுப் பதிவேட்டில் எது ஏறலாம், எது வைத்தியர் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதைச் சபை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பாட்டையும் சடங்கையும் காணொளி எடுப்பதற்கும் இதே விதி. எடுத்தவரிடம் மூலப்பதிவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

உரிமைச் சான்று பெற்ற ஊர் என்றால் சட்ட விதிகளின்படி சபையிலேயே பாதுகாப்புக் குழு அமைத்து, மேலாண்மைத் திட்டம் எழுதி, நிதிக்கு மட்டும் ஒரு சங்கத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். கோரிக்கை நிலுவையில் உள்ள ஊர் வனக்குழுவில் எச்சரிக்கையோடு இருந்துகொண்டே கோரிக்கையை விடாமல் நகர்த்தட்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களுக்கும் இன்னொரு வாயிலும் உண்டு: தனித்த ஊருக்கு அப்பால், மரபான வாழிடம் முழுவதற்குமான வாழிட உரிமை. மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில் பைகா மக்கள் அதைப் பெற்றிருக்கிறார்கள். பல ஊர்கள் சேர்ந்து கேட்க வேண்டியது அது. இப்போதே பேசத் தொடங்கலாம்.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: காசோலையில் யார் கையெழுத்து, குழுவைக் கலைக்கும் அதிகாரம் யாருக்கு, திட்டம் முடிந்ததும் கருவிகளும் வரைபடங்களும் பதிவுகளும் யாரிடம் இருக்கும். பதில்களைச் சபையில் உரக்கப் படித்து, தீர்மானத்தோடு இணையுங்கள். அதன் நகலை வன உரிமைக் கோரிக்கைகளை ஆராயும் உட்கோட்ட அளவிலான குழுவுக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கி ஊரிலேயே பத்திரப்படுத்துங்கள்.