ஜி.சி.எஸ்.ஈ விஞ்ஞானம்: பெற்றோர் கவனிக்க வேண்டியது



ஊரில் நாங்கள் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் என்று ஒரு பாடம் எழுதினோம்; ஒரு பெறுபேறு வந்தது. இங்கிலாந்தில் அப்படியல்ல. பெரும்பாலான பிள்ளைகள் எடுப்பது ‘கொம்பைன்ட் சயன்ஸ்’. அது இரண்டு ஜி.சி.எஸ்.ஈ ஆகக் கணிக்கப்படும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று தனித்தனியே எழுதி மூன்று பெறுபேறு பெறுவதை ‘ட்ரிபிள்’ என்பார்கள். ட்ரிபிள் இல்லாவிட்டால் டொக்டராக முடியாது என்று எம்மவரிடையே ஒரு கதை உலாவுகிறது. நம்ப வேண்டாம். கொம்பைன்ட் எழுதிய பிள்ளையும் ஏ லெவலில் விஞ்ஞானம் படிக்கலாம்.

2018 முதல் விஞ்ஞானப் பெறுபேறுகள் 9 தொடக்கம் 1 வரை இலக்கங்களில் வருகின்றன. கொம்பைன்டில் 6-5 என இரட்டை இலக்கம் வரும். பௌதிகவியலுக்கு 6, உயிரியலுக்கு 5 என்று அதற்கு அர்த்தமில்லை. உதாரணமாக ஏ.கியூ.ஏ சபையின் ட்ரிலொஜி பாடத்திட்டத்தில் ஆறு வினாத்தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 70 புள்ளிகள். மொத்தம் 420க்கு எடுத்த புள்ளியைக் கொண்டே தரம் தீர்மானிக்கப்படுகிறது. கணக்காளன் பாஷையில் சொன்னால், மூன்று பாடத்துக்கும் ஒரே பேரேடு. ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம்.

இனி, பலர் கேட்காமல் விடும் விடயம். வினாத்தாள்களில் ‘பவுண்டேஷன்’, ‘ஹையர்’ என இரு மட்டங்கள் உண்டு. பவுண்டேஷன் எழுதும் பிள்ளை எவ்வளவு திறமாக எழுதினாலும் 5-5க்கு மேல் போக முடியாது. ஏ லெவல் விஞ்ஞானத்துக்குப் பல பாடசாலைகள் 6-6 அல்லது அதற்கு மேல் கேட்கின்றன. அதாவது பரீட்சை மண்டபத்துக்குள் போகமுன்னரே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. அதற்காக எல்லோரையும் ஹையரில் போடுங்கள் என்று சண்டை பிடிப்பதும் சரியல்ல. ஹையரில் 4-3க்குக் கீழே விழுந்தால் தரமே கிடையாது, ‘யூ’ தான். ட்ரிபிளில் ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு வேறு மட்டம் எடுக்கலாம். கொம்பைன்டில் எல்லாம் ஒரே மட்டம்.

கோடைகாலப் பரீட்சைக்குப் பாடசாலைகள் பெயர் அனுப்புவது பெப்ரவரி மாதத்தில். எனவே மாதிரிப் பரீட்சை முடிந்து வரும் பெற்றோர் சந்திப்பில், “பிள்ளை எந்த மட்டம்? ஏன்?” என்று நேராகக் கேளுங்கள். மொழி தயக்கமென்றால் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள், தனக்கு வசதியானதைத்தான் சொல்லும்!

செய்முறைக்குத் தனிப் புள்ளி இல்லை. ஆனால் குறைந்தது 15 வீதப் புள்ளிகள் ஆய்வுகூடத்தில் செய்த பரிசோதனைகளைப் பற்றிய கேள்விகளுக்கே. அந்தக் கொப்பியை எறியவேண்டாம்.